நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் உரிமையாளர் அல்ல என்பது குறித்து

அனுப்புநர்:
கா. தீர்த்தகிரி (வயது 61),
விவசாயி, பொதுநலத் தொண்டர்,
இண்டூர் அருகில்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: என் அக்கா மகள் திருமதி மு. கலைமதி நடத்தும் புளித் தொழிலை நான் நடத்துவதாகத் தவறாக எழுதி, அவருக்கு வரவேண்டிய கொட்டை நீக்கும் இயந்திரத்தை மறுத்தது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) பங்குனி மாதம் கொட்டகையில் நடந்த ஆய்வு. 2) புரட்டாசி மாதம் வாயால் சொல்லப்பட்ட பதில். (எழுத்தில் கேட்டோம், தரவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு,

1. இது இப்படித்தான் முடியும் என்று நான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கலைமதி தொழில் தொடங்கப் போகிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பிய அன்றே, காளியப்பன் டீக்கடையில் பத்துப் பேர் கேட்க, "பொம்பள தொழில் பண்ணுனா சர்க்கார் வந்து ஆம்பளையத்தான் தேடும், பாத்துக்கங்க" என்று சொன்னவன் நான். அன்றைக்குச் சிரித்தார்கள். இன்றைக்கு அந்தப் பத்துப் பேரும் சாட்சி சொல்லத் தயார். மழை, மாங்காய் விலை, தேர்தல் முடிவு என்று நான் முன்கூட்டிச் சொல்லி நடந்தவை ஏராளம். இது ஒன்றாவது தவறிப்போகட்டும் என்று இருந்தேன். தவறவில்லை.

2. என்னைப் பற்றிச் சுருக்கமாக: எட்டாம் வகுப்பு தேர்ச்சி. ஒன்பதாம் வகுப்பில் முக்கால்வாசி தூரம் போயிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். என் மனுவால்தான் எங்கள் ஊருக்குப் பேருந்து நிறுத்தம் வந்தது (நிழற்குடை வரவில்லை, அது தனி மனு). ஒருமுறை இதே அலுவலகத்தில் என் எழுத்தைப் பார்த்த பெரிய அதிகாரி ஒருவர், "யாருய்யா இது, வக்கீலா?" என்று கேட்டதாகக் கேள்வி. ஆகவே தாங்கள் இந்த மனுவை அனுபவம் உள்ள ஒருவர் எழுதியதாகக் கருதி முழுவதும் படிக்கவேண்டும்.

3. புளி வேலை பார்த்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரத்தில் உலுக்கிய பழத்தை ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுக்கவேண்டும். ஓங்கித் தட்டினால் கொட்டை உடைந்து புளியோடு கலந்துவிடும். மெதுவாகத் தட்டினால் வெளியே வராது. புளிப்பு நகக்கண்ணில் ஏறினால் இரவில் சோற்றில் கை வைக்க முடியாது. என் அக்கா கோவிந்தம்மாள் மண்டிக்காரரின் கிடங்கில் இந்த வேலை செய்தே கலைமதியைப் படிக்க வைத்தார். அவருடைய இடது பெருவிரலில் நகம் கிடையாது. அது போனது சுத்தியலால். மண்டிக்காரர் எடைக்குக் கூலி கொடுத்தார். எடுத்த கொட்டையையும் அவரே விற்றுக்கொண்டார்.

4. கலைமதி பி.காம். படித்துவிட்டு ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள்: "மரம் நம்மூர்ல, கை உங்களுது, பழம் மட்டும் ஏம்மா அவுருது?" இதைக் கேட்க ஒரு பட்டப்படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த வருடம் அவளே விவசாயிகளிடம் போய் மரங்களைக் குத்தகை பேசினாள். வாசலில் கொட்டகை போட்டாள். மண்டிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். கொட்டை எடுத்த புளியை விற்றதோடு, புளிக்காய்ச்சலும் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தாள். தருமபுரியில் கடை வைத்திருக்கும் ஷகிலா என்கிற அம்மையார் அதை வாங்கி விற்றுத் தருகிறார். இன்று பெங்களூருவில் பாதிப் பேர் இந்தப் புளிக்காய்ச்சலில்தான் சோறு பிசைகிறார்கள். பாதி என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒரு தெரு முழுக்க என்பது உறுதி.

5. கையால் எடுத்து முடிப்பதற்குள் புளி கறுத்துவிடுகிறது. கறுத்த புளியை யாரும் சீண்டுவதில்லை. எனவே கொட்டை நீக்கும் இயந்திரம் வேண்டி, மகளிர் தொழிலுக்கு இயந்திரம் தரும் திட்டம் ஒன்றில் கலைமதி விண்ணப்பித்தாள். அந்தத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இணைப்பில் இருக்கிறது. பெயரை மனுவில் எழுதினால், மனு நேராக அவர்களிடமே "தக்க நடவடிக்கைக்கு" என்று போய்ச் சேர்ந்துவிடும். இது என் சொந்த அனுபவம்.

6. பங்குனியில் ஆய்வு அலுவலர் வந்தார். சொல்லாமல் வந்தார். அன்று நான் கொட்டகையில் இருந்தேன். நான் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஓடாது என்று எழுத ஆசைதான். ஆனால் என் வீட்டில் அன்று கரண்ட் இல்லை, கொட்டகையில் மின்விசிறி சுற்றியது. கலைமதியின் கணவர் முருகேஷ் லாரி ஓட்டுநர், அன்று நாக்பூர் பக்கம் இருந்தார். கொட்டகையில் இருந்த நாற்காலி ஒன்றே ஒன்று, சிவப்பு பிளாஸ்டிக். புளி வேலை தரையில் உட்கார்ந்து செய்வது என்பதால் வேறு நாற்காலிக்குத் தேவை வரவில்லை. வருகிற வியாபாரிகளுக்காகக் கலைமதி தன் கைக்காசில் வாங்கிப் போட்டது. நான் போனால் அது எனக்கு.

7. இந்த இடத்தில் தாங்கள் எங்கள் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீர்த்தமலையில் கலைமதிக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் மடி. ஆசாரி ஊசியை எடுத்ததுமே என் புது வேட்டியை நனைத்துவிட்டாள். நான் அசையவில்லை. அப்படி மடியில் உட்கார்ந்த பிள்ளை பெரிதாகித் தனக்கென்று ஓர் இடம் பிடித்தால், மாமன் வரும்போது எழுந்து இடம் கொடுக்கும். அவளுடைய அப்பா போன பிறகு இது இன்னும் கண்டிப்பு. ஆக, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்றால் கலைமதி மரியாதை தெரிந்தவள் என்று அர்த்தம். கொட்டகை என்னுடையது என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், ஜீப்பில் வந்தவருக்குத் தெரியவில்லை.

8. அலுவலருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. நாற்காலி இரண்டு, உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர், டீயும் இரண்டு. பெண்கள் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கலைமதி அடுப்பருகே நின்று புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தாள். கையை விட்டால் அடிபிடித்துவிடும் பதம்.

"எத்தனை பேரு வேலை செய்றாங்க?" என்று அலுவலர் என்னைப் பார்த்துக் கேட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்வது மரியாதை. எனக்குச் சரியான எண்ணிக்கை தெரியாது. தெரியாது என்று சபையில் சொல்லிப் பழக்கமும் இல்லை. "முப்பது பேருங்க" என்றேன்.

கலைமதி அங்கிருந்தே, "பதினோரு பேருங்க சார்" என்றாள்.

"இரும்மா, ஐயா சொல்றாருல்ல" என்றார் அலுவலர்.

சரக்கு எங்கெங்கே போகிறது என்றார். "பெங்களூரு, பம்பாய், சிங்கப்பூருங்க" என்றேன். "சிங்கப்பூர் இல்லீங்க சார். தருமபுரி, ஓசூரு, கொஞ்சம் பெங்களூரு" என்றாள் கலைமதி. அவர் சிங்கப்பூரை எழுதிக்கொண்டார். மரம் குத்தகை பேசுவது யார், விலை வைப்பது யார் என்று கேட்டதும் என்னைத்தான். நான் எப்படிப் பேசவேண்டும், எப்படி விலை வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினேன். யார் செய்தது என்று அவர் குறுக்கே கேட்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. அங்கே சிமெண்ட் மூட்டையை உட்கார வைத்திருந்தாலும் அதைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார். என்ன, மூட்டை பதில் சொல்லியிருக்காது.

கிளம்பும்போதுதான் கலைமதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கையெழுத்து போடத் தெரியுமாம்மா?"

அவள் பி.காம். என்பதை மறுபடியும் இங்கே குறிப்பிடுகிறேன்.

9. பங்குனியில் பார்த்ததற்குப் புரட்டாசியில்தான் பதில் கிடைத்தது. அதுவும் நாங்களே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டதால். அங்கேயும் மேசைக்கு எதிரில் ஒரே நாற்காலி. "வாங்கய்யா, உக்காருங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. முழங்கால் வலிக்காரன், உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எழுந்திருப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "இந்த யூனிட்டை உங்க மாமாதான் நடத்துறாருன்னு ரிப்போர்ட் வந்திருக்கும்மா. பொம்பளைங்க பேர வெச்சுக்கிட்டு ஆம்பளைங்க நடத்துறதுக்கெல்லாம் ஸ்கீம்ல எடம் கெடையாது." பெண்ணுக்காக ஏற்பட்ட திட்டம் பெண்ணுக்குக் கிடையாது என்று பெண்ணிடம் சொல்கிறார். அதையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

10. அப்போது கலைமதி அழுதாள். ஐயா, சாதாரணமாக அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல், "எங்க பொழப்பே போச்சுங்களே" என்று அழுதாள். கணினியில் தட்டிக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். காவலாளி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான்தான் அவள் தலையைத் தடவி, "மாமன் இருக்கறேன், ஆட்சியர் ஐயா இருக்காரு" என்று ஆறுதல் சொல்லி வெளியே அழைத்து வந்தேன். அந்த அழுகையைத் தாங்கள் நேரில் கேட்டிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

11. அதே திட்டத்தில் அதே மாதத்தில் இயந்திரம் வாங்கியவர் ஒருவரைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது. பேப்பர் கப் தயாரிக்கும் தொழில். உரிமையாளர் நிர்மலாதேவி என்று பலகையில் இருக்கும். நடத்துவது அவர் கணவர் பிரபாகர். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பிரபாகரே பேருந்து நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

"உங்களுக்கு வெவரம் பத்தல மாமா. ஆபீசர் வர்றாருன்னு தெரிஞ்சதும் நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? பொண்டாட்டிக்குப் பட்டுச் சேல கட்டி நாற்காலியில உக்கார வெச்சேன். நான் லுங்கியக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னேன். அவருக்கு ஒரு டீ, அவளுக்கு ஒரு டீ, நானே தட்டுல கொண்டாந்து குடுத்தேன். கல்யாணம் ஆனதுலருந்து நான் அவளுக்குக் குடுத்த மொத டீ அதுதான் மாமா. அந்த ஒரு டீக்கு மிசினே வந்துடுச்சு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், டீ அவர் வாங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. நிர்மலாதேவி அம்மாள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஐப்பசியில் நடந்த மகளிர் விழாவில் அவருக்குச் சால்வை போட்டு, சாதனைப் பெண் என்று மேடையில் ஏற்றினார்கள். என்ன பேசுவது என்று அவர் மேடையிலிருந்து கீழே கணவரைப் பார்த்தார். கணவர் தலையாட்டிய பிறகே "அனைவருக்கும் வணக்கம்" என்றார். அவரும் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்தான். பொய்யாக உட்கார்ந்த பெண்ணுக்கு இயந்திரம் கிடைத்தது, நிஜமாக நின்று வேலை செய்தவளுக்கு இல்லை. நாட்டில் தொழில் செய்யும் பெண்கள் பெருகிவிட்டார்கள் என்று பேப்பரில் போடுகிறார்கள். காளியப்பன் கடையில் நானே உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கில் நிர்மலாதேவி இருக்கிறார். கலைமதி இல்லை. தாங்கள் அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கைப் படிக்க நேர்ந்தால், ஓர் ஆளைக் கழித்து ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளவும். மொத்தம் மாறாது என்பதால் யாருக்கும் சிரமமில்லை.

12. இப்போது அவசரம் என்னவென்றால், தை பிறந்ததும் காய் பழுத்துவிடும். மரம் யாருக்கு என்று விவசாயிகள் பொங்கலுக்குள் வாக்குக் கேட்கிறார்கள். இயந்திரம் வரும் என்றால் கலைமதி எல்லா மரத்தையும் பேசலாம். வராது என்றால் கையால் முடிகிற அளவுக்கு நாலைந்து மரம்தான் பேசமுடியும். அதை வைத்துக்கொண்டு அத்தனை பெண்களுக்கும் வேலை கொடுக்க முடியாது. மீதி மரத்தை மண்டிக்காரர் எடுப்பார். மரத்தோடு ஆட்களும் அவரிடம் போவார்கள். இது அவருக்கும் தெரியும். போன வாரம் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்: "என்ன கலைமதி, தை பொறக்கப் போவுது. சுத்தியல எடுத்துக்கிட்டு எப்ப வர்றீங்க எல்லாரும்? பழைய கூலிதான், கோவிச்சுக்காதீங்க." என் அக்கா அப்போது உள்ளே இருந்தார். நகம் இல்லாத விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

13. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பொங்கலுக்கு முன் மறு ஆய்வு நடத்தவேண்டும். வருபவர் கேள்வியைக் கலைமதியின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். பதில் வேறு யாரிடமிருந்து வந்தாலும் எழுதிக்கொள்ளக் கூடாது, அந்த வேறு யாராவது நானாக இருந்தாலும் சரி. புளிக்காய்ச்சல் அடுப்பில் இருந்தால் இறக்கும் வரை பொறுக்கவேண்டும். ஆய்வு தேதியை முன்கூட்டியே தெரிவித்தால், அன்று காலை முதல் பேருந்தில் நான் தீர்த்தமலைக்குப் போய்விடுவதாக உறுதி கூறுகிறேன். அலுவலர் ஜீப் திரும்பிப் போய்விட்டது என்று காளியப்பன் போன் செய்யும் வரை மலையை விட்டு இறங்கமாட்டேன். முழங்கால் வலியோடு அத்தனை படி ஏறுவது எனக்கு எளிதல்ல என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தொழிலை நான் நடத்தினால் தொழிலை விட்டுவிட்டு மலையேறுவேனா என்பதை அலுவலரே யோசிக்கட்டும்.

இதற்கு மேல் எழுதினால் தாங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். பதிலை எனக்கு அனுப்பவேண்டாம். கலைமதியின் பெயருக்கே அனுப்பவும்.

இடம்: இண்டூர்
நாள்: 17.11.2025, திங்கட்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
கா. தீர்த்தகிரி
(கையொப்பம்)

இணைப்பு: விண்ணப்பத்தின் நகல், பட்டச் சான்றின் நகல், புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று (இது லஞ்சம் அல்ல, ஆதாரம்).

கையொப்பத்துக்குப் பின் சேர்த்தது:

மேலே கையொப்பம் போட்டுவிட்டதால் ஒன்றைத் திருத்தவேண்டியிருக்கிறது. பத்தாம் பத்தி நான் சேர்த்தது. கலைமதி அழவில்லை. காவலாளி தண்ணீர் கொண்டுவரவில்லை. அங்கே காவலாளியே கிடையாது. இத்தனை வருடம் மனு எழுதியதில், கண்ணீர் இல்லாத மனு மேசையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் எழுதினேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்த அதிகாரி சொன்னதைக் கலைமதி நின்றபடியே முழுவதும் கேட்டாள். பிறகு, "அந்த நாற்காலி யாரு வாங்குனதுன்னு கேட்டீங்களா சார்?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். டவுன் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணமில்லை. எனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் கொட்டகைக்குப் போனேன். நாற்காலியைக் காணோம். கேட்டதற்கு, "ஷகிலாக்கா கடைக்குக் குடுத்துட்டேன். சாக்கு மேல உக்காருங்க மாமா" என்றாள். உட்கார்ந்தேன். "சும்மாதான இருக்கறீங்க, இதையாவது ஒட்டுங்க" என்று பாட்டில்களையும் லேபிள் கட்டையும் முன்னால் வைத்தாள். லேபிளில் உரிமையாளர்: மு. கலைமதி என்று போட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் வரை ஒட்டினேன். இப்போதும் தினமும் போய் ஒட்டுகிறேன். ஒன்றுகூடக் கோணல் இல்லை. இணைப்பில் உள்ள பாட்டிலைப் பார்த்தால் தெரியும்.

அழாத பெண்ணுக்கும் இயந்திரம் உண்டு என்றால், தாங்கள் பத்தாம் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிடவும். இல்லையென்றால், அவள் அழுததாகவே இருக்கட்டும்.